ஒலிக்கோப்பும் கொற்கை முத்தும்

நுழையும்முன்

காற்றில் பிறந்து காற்றிலேயே கரைவது ஒலி. அதனைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கும் ஆற்றலை மனிதகுலம் பெற்று ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒலியைப் பதிவு செய்ய இயலும். ஆனால் பதிவு செய்ததைப் பேணுவதிலும் பிறருடன் பகிர்வதிலும் ஒரு சிக்கல் எழுகிறது. கோப்பு பெரிதாக இருந்தால் இடம் போதவில்லை. சிறிதாக்கினால் ஒலியின் இனிமை குன்றுகிறது. அளவு குறையவேண்டும், தரம் குறையக்கூடாது என்னும் இவ்விரு தேவைகளையும் இணைக்க வழி உண்டா? நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விடை தேடுகிறது.

நாடாவில் இருந்த குரல்

தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றினைக் கற்பனை செய்துகொள்வோம். அவ்வூர் அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டுப் பாடிய அண்ணாவி ஒருவரின் குரல், தொண்ணூறு நிமிட ஒலிநாடா ஒன்றில் பதிவாகியிருக்கிறது. அவர் இன்று இல்லை. அவருடைய பெயர்த்தி, பதினொன்றாம் வகுப்பு மாணவி, அந்நாடாவைக் கணினியில் ஏற்றுகிறாள். கோப்பின் அளவு ஏறத்தாழ 950 மெகாபைட். வெளியூர் உறவினர்களுக்கு அனுப்ப அது மிகப் பெரிது. எனவே ஒரு செயலியின் துணையால் அதனை 22 மெகாபைட்டுக்குள் சுருக்குகிறாள். எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, இடத்தை அடைக்கிறதே என்று பெரிய கோப்பை அழித்துவிடுகிறாள். பழைய நாடாவோ கருவியில் சிக்கி அறுந்துபோகிறது.

மறுநாள் காதணி ஒலிப்பானில் கேட்கும்போதுதான் அவளுக்கு உண்மை புலப்படுகிறது. தாத்தா பாடும் சொற்கள் விளங்குகின்றன. ஆனால் வில்லில் கட்டிய மணிகளின் கலகலப்பு மங்கிவிட்டது. தாளத்தின் ஒலி நீருக்குள்ளிருந்து எழுவதுபோல் குழைகிறது. பெண்கள் இட்ட குலவை வெறும் இரைச்சலாகத் தேய்ந்திருக்கிறது. இழந்ததை மீட்க இனி வழியில்லை.

இது கற்பனையே ஆயினும் எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. அவள் செய்த பிழை சுருக்கியதன்று. எதை இழக்கிறோம் என்று அறியாமல் சுருக்கியதும், மூலத்தை அழித்ததுமே பிழை. அதனை அறிய, ஒலி எவ்வாறு கோப்பாகிறது என்பதை முதலில் காணவேண்டும்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றில் பரவும் அதிர்வு. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. கணினி அம்மின் அலையின் உயரத்தை ஒரு நொடியில் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகளைக் கொள்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையிலான ஒலிகளைக் கேட்கவல்லது. ஓர் அதிர்வெண்ணைப் பிழையின்றிப் பதிவு செய்ய, அதனைப்போல் இரு மடங்குக்கும் மிகுதியான மாதிரிகள் தேவை. எனவேதான் மாதிரி வீதம் 40,000ஐக் கடந்து அமைந்தது.

ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்டுகளால் எழுதப்படுகிறது. இடம், வலம் என இரண்டு தடங்கள். 44,100 × 16 × 2 எனப் பெருக்கினால் ஒரு நொடிக்கு 14,11,200 பிட்டுகள் கிடைக்கும். எட்டுப் பிட்டுகள் ஒரு பைட் ஆதலால், ஒரு நிமிட ஒலிக்கு 10.5 மெகாபைட்டுக்கு மேலும், ஒரு மணிநேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டும் தேவைப்படும். கொடைவிழாவில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடைபெறுவது. ஓர் இரவு நிகழ்ச்சியை அப்படியே பதிவு செய்தால் கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இழப்பில்லாச் சுருக்கம்

சுருக்குதல் தமிழுக்குப் புதிதன்று. ‘கொற்கை சென்றான்’ என்னும் தொடரைக் கேட்டவுடன் ‘கொற்கைக்குச் சென்றான்’ என்று நாம் பொருள் கொள்கிறோம். நான்காம் வேற்றுமை உருபு தொடரில் மறைந்துள்ளது. ஆயினும் அதனை ஐயமின்றி விரித்துக்கொள்ள இயல்கிறது. மறைந்தது எதுவும் தொலைந்துபோகவில்லை. இத்தகைய வேற்றுமைத்தொகையை ஒத்ததே இழப்பில்லாச் சுருக்கம். கோப்பை விரிக்கும்போது மூலத்தின் ஒவ்வொரு பிட்டும் மாறாமல் திரும்பிவரும்.

இதற்கு இரண்டு உத்திகள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது, வேறுபாட்டை மட்டும் எழுதுதல். ஒலி அலையின் அடுத்தடுத்த மாதிரிகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருக்கும். 1000, 1004, 1007, 1009 என எழுதுவதற்குப் பதிலாக, 1000, 4, 3, 2 என எழுதினால் போதும். முன்னைய மாதிரிகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் குறித்து வைத்தால் இடம் மிச்சமாகும்.

இரண்டாவது, அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடு தருதல். திருநெல்வேலியை நெல்லை என்றும், கோயம்புத்தூரைக் கோவை என்றும், நாகப்பட்டினத்தை நாகை என்றும் வழங்குகிறோம். பலமுறை சொல்ல வேண்டிய பெயர் நாவில் தானே குறுகிவிடுகிறது. இம்மரூஉக்களின் பின்னுள்ள சிக்கனத்தையே கணிதமாக வகுத்தவர் டேவிட் ஹஃப்மன். அடிக்கடி தோன்றும் எண்ணுக்குக் குறைந்த பிட்டுகளும் அரிதாகத் தோன்றும் எண்ணுக்கு மிகுந்த பிட்டுகளும் வழங்கும் முறையை அவர் 1952ஆம் ஆண்டு வெளியிட்டார்.

இவ்வகை உத்திகளால் அமைந்த ‘ஃபிளாக்’ என்னும் கோப்பு வடிவம் 2001ஆம் ஆண்டு முதல் யாவரும் விலையின்றிப் பயன்படுத்தும் வகையில் கிடைக்கிறது. மூலக் கோப்பு பொதுவாக ஏறத்தாழப் பாதி அளவுக்குக் குறையும். ஒலியின் இயல்பைப் பொறுத்து இவ்வளவு மாறுபடும். இரைச்சல் மிகுந்த பதிவு ஊகத்திற்கு அடங்காது. ஆதலின் அது குறைவாகவே சுருங்கும்.

இழப்புள்ள சுருக்கம்

பாதியளவு போதாது, பத்தில் ஒரு பங்காக வேண்டும் என்றால் எதையேனும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விடுவது? செவி எதைத் தேடாதோ அதை விடுவது. இதற்கும் நம் இலக்கணத்தில் ஓர் ஒப்புமை உண்டு. ‘வையம்’ என்னும் சொல்லின் முதலில் வரும் ஐகாரம் தன் இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றரையாகக் குறைந்து ஒலிக்கிறது. ‘வலம் வந்தான்’ என்பதில் மகரமெய் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகத் தேய்கிறது. ‘பாட்டு’ என்பதன் இறுதி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரையாகக் குறுகுகிறது. ஒலியில் ஒரு பகுதி உண்மையாகவே குறைந்துவிட்டது. ஆயினும் கேட்பவர் எதையும் இழந்ததாக உணர்வதில்லை. ஒலி குறுகும் இடங்களை நுணுகிக் கேட்டு வகைப்படுத்திய நம் இலக்கணிகளின் செவிப்புலமை வியக்கத்தக்கது.

இன்றைய ஒலிப்பொறியியல் நம்பியிருக்கும் செவியின் இயல்புக்கு மறைப்பு விளைவு என்று பெயர். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தில் தவில் முழங்கும்போது, அருகில் நிற்பவர் மெல்லக் கூறும் சொல் நம் காதில் விழுவதில்லை. அவர் ஒலி எழுப்பாமல் இல்லை. பேரொலி அச்சிற்றொலியை மறைத்துவிடுகிறது. அதிர்வெண்ணில் நெருங்கியுள்ள ஒலிகளிடையே இம்மறைப்பு மிகுதி. காலத்திலும் இது நிகழ்கிறது. ஒரு பேரொலி முடிந்த பின்னர் நூறு மில்லிநொடி அளவுக்கும், அது தொடங்குவதற்குச் சில மில்லிநொடிகள் முன்பும் எழும் மெல்லொலிகள் செவிக்குப் புலப்படுவதில்லை.

எம்.பி.3 என்னும் வடிவம் இவ்வியல்பைப் பயன்படுத்துகிறது. ஒலியை ஏறத்தாழ 26 மில்லிநொடி நீளமுள்ள சட்டங்களாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண்கள் மேலோங்கியுள்ளன, எவை மறைக்கப்படுகின்றன என்று ஆராய்கிறது. மறையும் ஒலிகளுக்குக் குறைந்த பிட்டுகளை ஒதுக்குகிறது அல்லது அவற்றை அறவே நீக்குகிறது. எஞ்சியவற்றை ஹஃப்மன் முறையால் மேலும் சுருக்குகிறது. செருமனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதனை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றினர்.

நொடிக்கு எத்தனை பிட்டுகள் செலவிடப்படுகின்றன என்பதே பிட் வீதம். நொடிக்கு 128 கிலோபிட் எனக் கொண்டால் ஒரு மணிநேர ஒலி 57.6 மெகாபைட்டில் அடங்கும். குறுந்தகட்டு அளவோடு ஒப்பிட இது ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு.

வில்லுப்பாட்டு வைக்கும் தேர்வு

சுருக்கும் கருவி ஒன்றின் திறனை அளக்க வில்லுப்பாட்டைவிடக் கடுமையான தேர்வு அரிது. நீண்ட வில், அதில் கட்டிய மணிகள், நாணை அடிக்கும் வீசுகோல், வில்லைத் தாங்கும் மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை ஒருங்கே ஒலிக்கின்றன. குடத்தின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்களில் முழங்குகிறது. மணியும் தாளமும் மிக உயர்ந்த அதிர்வெண்களில் மின்னுகின்றன. வீசுகோலின் அடி திடீரென எழுந்து உடனே அடங்குகிறது. இவற்றினிடையே அண்ணாவியின் பாட்டும், உரைநடை விளக்கமும், பின்பாட்டுக்காரர்களின் ‘ஆமாம்’ என்னும் ஏற்புரையும் இழைகின்றன.

பிட் வீதம் குறையும்போது கருவி முதலில் கைவிடுவது உயர் அதிர்வெண்களையே. ஆகவே மணியோசையும் தாளமும் முதலில் மங்குகின்றன. அடுத்து, திடீர் அடிகள் பாதிக்கப்படுகின்றன. ஒரு துண்டத்தின் நடுவில் அடி விழுந்தால், பிட் குறைவினால் தோன்றும் பிழையிரைச்சல் அத்துண்டம் முழுவதும் பரவும். அடிக்குப் பின்னர் வரும் இரைச்சலைச் செவி பொருட்படுத்தாது. முன்னர் வரும் இரைச்சலை உணர்ந்துவிடும். இதனை முன்னெதிரொலி என்பர். கூர்மையாக விழவேண்டிய அடி, மணலில் விழுந்ததுபோல் மழுங்கிக் கேட்பதற்கு இதுவே காரணம். குரல் இறுதி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். மாணவி கேட்ட பதிவில் சொற்கள் மட்டும் எஞ்சியமைக்கு விளக்கம் இதுதான்.

எதற்கு எந்த அளவு?

‘நல்ல தரம்’ என்பது ஒரே அளவன்று; பயனைப் பொறுத்தது.

1. பேணிக்காக்கும் படி: இதனை இழப்பில்லா வடிவிலேயே வைத்தல் வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், நொடிக்குக் குறைந்தது 48,000 மாதிரிகளும், மாதிரிக்கு 24 பிட்டுகளும் கொண்ட பதிவைப் பரிந்துரைக்கிறது.

2. கேட்டு மகிழும் படி: இசைக்கருவிகள் நிறைந்த இருதடப் பதிவுக்கு எம்.பி.3 வடிவில் நொடிக்கு 192 கிலோபிட் தகும். ஒரு மணிநேரத்திற்கு 86.4 மெகாபைட் ஆகும்.

3. பேச்சுப் பதிவு: நேர்காணல், உரை போன்றவற்றை ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட்டில் அமைத்தால் போதும். ஒரு மணிநேரம் 28.8 மெகாபைட்டில் அடங்கும். 2012ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்ட ‘ஓபஸ்’ வடிவில் இதனினும் குறைந்த பிட் வீதத்திலேயே பேச்சு தெளிவாக அமையும்.

ஒலி இழப்பின்றி அளவைப் பாதியாக்கும் எளிய வழி ஒன்றுண்டு. ஒரே ஒலிவாங்கியால் எடுத்த பதிவில் இடத்தடமும் வலத்தடமும் ஒன்றே. அதனை ஒற்றைத் தடமாக மாற்றினால் கேட்பவருக்கு எவ்வேறுபாடும் தோன்றாது. மேலும், மாறும் பிட் வீதத்தைத் தேர்ந்தால், குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தில் குறைவாகவும் கருவிகள் ஒருசேர முழங்கும் இடத்தில் மிகுதியாகவும் பிட்டுகள் செலவாகும்.

எந்த அளவு தகுமென்று ஐயம் எழுந்தால் செவியே நடுவர். வில்லும் தாளமும் உச்சத்தில் ஒலிக்கும் அரை நிமிடப் பகுதியைப் பல பிட் வீதங்களில் அமையுங்கள். எது எதுவென்று சொல்லாமல் நண்பரிடம் கேட்கச் செய்யுங்கள். மூலத்திலிருந்து வேறுபாடு காண இயலாத மிகக் குறைந்த வீதமே அப்பதிவுக்கு உரிய வீதம்.

தவிர்க்க வேண்டியவை

ஒருமுறை எம்.பி.3 ஆக்கிய கோப்பை மீண்டும் மீண்டும் சுருக்குதல் கூடாது. நகலிலிருந்து எடுத்த நகல் மங்குவதுபோல், ஒவ்வொரு முறையும் புதிய இழப்பு சேரும். 32 கிலோபிட் கோப்பை 320 கிலோபிட்டாக மாற்றினால் தரம் உயரும் என்று எண்ணுவதும் தவறு; கோப்பு பெருக்குமேயன்றி, போன ஒலி திரும்பாது. இரைச்சல் நீக்கும் செயலியையும் மூலப்படியின்மீது செலுத்தலாகாது. அது குலவையையும் இரைச்சலென்று கருதி நீக்கிவிடக்கூடும். எல்லாவற்றிற்கும் மேலாக, சுருக்கிய படி கையில் இருக்கிறது என்று மூலப்படியை அழித்தல் கூடாது.

தெரிந்து தெளிவோம்

மசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்த ஹஃப்மனுக்கு ஆசிரியர் ஒரு வாய்ப்பு அளித்தார். இறுதித் தேர்வு எழுதலாம். அல்லது மிகச் சிக்கனமான குறியீட்டு முறையைக் கண்டறிந்து கட்டுரை தரலாம். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தார். அம்மாணவக் கட்டுரையில் பிறந்த முறையே இன்றும் நம் ஒலிக்கோப்புகளில் செயல்படுகிறது.

சிப்பியும் முத்தும்

பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, முத்துக்குப் புகழ்பெற்றது. தமிழ் இலக்கியங்களும், எரித்திரேயக் கடல் பற்றிய கிரேக்கப் பயண நூலும் அதன் முத்துக்குளிப்பைச் சுட்டுகின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, சதை அழிந்தபின் நீரில் அலசி முத்தைத் தேர்ந்தனர். பெருங்குவியலில் எஞ்சியது கையளவே. நல்ல சுருக்கமும் இத்தகையதே.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. சிப்பிக்குள் முத்து எதுவென்பதில் ஐயமில்லை. ஒலிக்கோப்பில் முத்து எதுவென்பது கேட்பவரைப் பொறுத்தது. உறவினருக்குத் தாத்தாவின் குரல் முத்து. இசை ஆய்வாளருக்கு உடுக்கையின் நடை முத்து. நாட்டார் வழக்காற்றியலாளருக்குப் பின்னணியில் கேட்கும் குலவையும் கூட்டத்தின் சலசலப்பும் முத்து. நாளை எவர் எதைத் தேடி வருவார் என்பதை இன்று நாம் அறியோம். ஆதலால், பகிர்வதற்குச் சுருக்கலாம். பேணுவதற்குச் சுருக்கத்தில் இழப்பு இருத்தல் ஆகாது.

நெல்லை மண்ணின் நாட்டார் பாடல்களையும் கதைப்பாடல்களையும் பேராசிரியர் நா. வானமாமலை தேடித் தொகுத்து அச்சேற்றினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் அப்பணியைத் தொடர்ந்துள்ளது. அச்சு, சொல்லைக் காத்தது. ஒலிப்பதிவு, சொல்லோடு குரலையும் காக்கவல்லது. 1964ஆம் ஆண்டு மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை, அவரைக் கண்டிராத நாம் இன்று கேட்டு மகிழ்வது பதிவுகளால் அன்றோ?

தாமிரபரணி சேர்த்த வண்டலால் கடல் விலகி, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராக உள்ளது. கண்முன் இருந்தது மெல்ல விலகிப்போவதை ஒரு தலைமுறை உணர்வது கடினம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒலிநாடாக்களும் அவ்வாறே நாள்தோறும் சிறிது சிறிதாக மங்கி வருகின்றன. அவற்றை முழுமையாகக் கணினியில் ஏற்றி, மூலத்தைக் காத்து, சுருக்கிய படியைப் பகிர்வது உங்கள் தலைமுறையால் இயலும் பணி.

கலைச்சொல் அறிவோம்

மாதிரி வீதம் – ஒரு நொடியில் ஒலியலை அளக்கப்படும் எண்ணிக்கை
பிட் வீதம் – ஒரு நொடி ஒலிக்குச் செலவிடப்படும் பிட்டுகளின் எண்ணிக்கை
மறைப்பு விளைவு – பேரொலியால் சிற்றொலி செவிக்குப் புலப்படாமை
முன்னெதிரொலி – திடீர் அடிக்குமுன் கேட்கும் பிழையிரைச்சல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, ஒப்பாரி, தாலாட்டு ஆகியவற்றுள் ஒன்றை, பாடுபவரின் இசைவு பெற்றுப் பதிவு செய்து, மூலப்படியும் பகிர்வுப்படியும் உருவாக்குக.
2. ஒரே ஒலியை 32, 64, 128 கிலோபிட் வீதங்களில் அமைத்து, வகுப்பில் கேட்கச் செய்து, எவ்வொலிகள் முதலில் மங்குகின்றன என அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பிட் வீதம் குறையும்போது வில்லுப்பாட்டில் முதலில் மங்குவது
அ) குடத்தின் முழக்கம் ஆ) மணியோசை இ) அண்ணாவியின் குரல் ஈ) பின்பாட்டு

2. இழப்பில்லாச் சுருக்கத்திற்கு இப்பாடம் காட்டும் இலக்கண ஒப்புமை
அ) ஐகாரக்குறுக்கம் ஆ) மகரக்குறுக்கம் இ) வேற்றுமைத்தொகை ஈ) குற்றியலுகரம்

குறுவினா

1. மறைப்பு விளைவு என்றால் என்ன?
2. ஒற்றைத் தடமாக மாற்றுவதால் எப்போது இழப்பு நேர்வதில்லை?

சிறுவினா

1. மரூஉக்களையும் ஹஃப்மன் முறையையும் ஒப்பிடுக.
2. ஒரு மணிநேர ஒலியை 96 கிலோபிட் வீதத்தில் அமைத்தால் கோப்பின் அளவு என்ன? கணக்கிட்டுக் காட்டுக.

நெடுவினா

‘பகிர்வதற்குச் சுருக்கலாம்; பேணுவதற்குச் சுருக்கத்தில் இழப்பு இருத்தல் ஆகாது’ – இக்கூற்றை வில்லுப்பாட்டுப் பதிவைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.